வந்த சூட்டோடு போகிறவர்கள்

1921 ஏப்ரல் 22ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்து பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சர் எட்வின் மாண்டேகுவுக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் போனது. எழுதியவருக்கு 24 வயது. முந்தைய ஆகஸ்டில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி, நான்காம் இடத்தில் தேறி, பயிற்சி நிலையில் இருந்தவர். பயிற்சியாளர் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிட வேண்டும், அதுவரை வாங்கிய 100 பவுண்டு உதவித்தொகையை ராஜினாமா ஏற்கப்பட்டதும் கட்டிவிடுகிறேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். ஏன் போகிறேன் என்பது அதில் இல்லை.

சுபாஷ் சந்திர போஸிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் அதே பேச்சுதான். அன்னிய அரசுக்கு விசுவாசமாக இருந்துகொண்டு நாட்டுக்கு உழைக்க முடியுமா, நிலையான சம்பளமும் பென்ஷனும் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும், அப்பாவின் வருத்தத்துக்கு என்ன பதில் என்று பக்கம் பக்கமாக எழுதினார். காங்கிரஸ் தலைவர் சி.ஆர். தாசுக்கும் எழுதி, திரும்பி வந்தால் தமக்கு என்ன வேலை இருக்கும் என்று விசாரித்துக்கொண்டார். விஷயம் காதில் விழுந்ததும் இந்தியா அலுவலகத்தின் மூத்த அதிகாரி சர் வில்லியம் டியூக், லண்டனில் இருந்த மூத்த அண்ணன் சதீஷ் மூலமாக மனத்தை மாற்றப் பார்த்தார். பலிக்கவில்லை. வேலை கொடுத்தவருக்கு நான்கைந்து வரி. தன்னைப் படிக்கவைத்த குடும்பத்துக்கு நீண்ட விளக்கம். இனி சேரப்போகிற இடத்துக்கு, தான் எதைத் தேடி வருகிறேன் என்ற செய்தி. மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் பொய் இல்லை.

வேலையில் சேர்ந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ விலக நினைக்கிற எவருக்கும் இந்தப் பாகுபாடு உதவும். இருபது வருடம் உழைத்துவிட்டுப் போகிறவரை யாரும் குடைவதில்லை. சால்வை போர்த்தி அனுப்புகிறார்கள். மூன்றாம் மாதத்தில் "பேப்பர் போட்டுட்டேன்" என்கிறவரிடம்தான் கேள்விகள் வரிசை கட்டுகின்றன. டீம் லீடர் கேட்பார், எச்.ஆர். கேட்பார், வீட்டில் அப்பா கேட்பார், சம்பந்தம் பேச வந்தவர்கள் கேட்பார்கள், அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்கு முழுப் பதிலைப் பெறும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதைக் குழப்பிக்கொள்வதால்தான் புது வேலையை விடுகிறவர்களில் பலர் வாயே திறக்காமல் போகிறார்கள். சிலர் எழுதக் கூடாத இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தனியார் வேலையை விடுகிறவர் காரணம் காட்டியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஒருவருடைய சொந்த உழைப்பை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை, 'இருந்து வேலை பார்' என்று நீதிமன்றத்தைக் கொண்டு கட்டாயப்படுத்தி நிறைவேற்ற 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் இடம் தருவதில்லை. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பையே தடை செய்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்துவதென்றால் நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும் என்கிறது. அந்தக் கடமையை அது முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆவது உடன்படிக்கையும் அதே திசையில்தான் பேசுகிறது: வேலையை விட்டு அனுப்புகிறவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை என்பது வேறு விஷயம். சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்கிறவருக்கும் அதைக் கொடுக்கிறவருக்கும் பலம் ஒன்றல்ல என்பதால்தான் விளக்கம் சொல்லும் சுமை சமமாகப் பிரிக்கப்படவில்லை.

அப்படியென்றால் 30 நாள், 60 நாள், ஐ.டி. கம்பெனிகளின் 90 நாள் நோட்டீஸ் பீரியடெல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வேலைக்குச் சேரும் அன்று கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரிலிருந்து. அந்த லெட்டரும் காரணத்தைக் கேட்பதில்லை; நாளைக் கேட்கிறது, இல்லையென்றால் பணத்தைக் கேட்கிறது. விமானிகளுக்கு மட்டும் அரசே விதி வகுத்தது. 2017இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேப்டன்களுக்கு ஓராண்டும் துணை விமானிகளுக்கு ஆறு மாதமும் நோட்டீஸ் என்று வைத்தது. 2023இல் 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போய்விட்டதாகச் சொல்லி ஆகாசா ஏர் நீதிமன்றப் படி ஏறியபோதும், எத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்காக இருந்தது.

பாண்ட் விஷயத்தில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை வேலை மாறுகிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விஜயா வங்கியில் சீனியர் மேனேஜராக 2007இல் சேர்ந்த ஒருவர், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்தார். 2009இல் வேறொரு வங்கிக்குப் போனார். எதிர்ப்பைத் தெரிவித்தபடியே பணத்தைக் கட்டினார். பிறகு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி அமர்வு அதை மாற்றியது. பொதுத்துறை வங்கி நினைத்தவரை அழைத்து வேலை கொடுக்க முடியாது, திறந்த போட்டி நடத்தியாக வேண்டும், அதற்குச் செலவும் காலமும் ஆகும், அவருடைய பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை விலகலையே முடக்கிவிடுகிற அளவில் இல்லை என்பது தீர்ப்பின் போக்கு. இதைப் படித்துவிட்டு எல்லா பாண்டும் செல்லும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதிவைத்த தொகை ஓர் உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. மாதம் 18,000 ரூபாய்க்குச் சேர்ந்த புதியவரிடம் 'ட்ரெயினிங் செலவு' என்று 2 லட்சம் கேட்கிற கம்பெனி, அந்த வங்கியின் நிலையில் இல்லை.

புது வேலையைப் பொறுத்தவரை இதில் யாரும் அதிகம் கவனிக்காத இன்னொரு பக்கம் உண்டு. புரொபேஷனில் இருப்பவரை அனுப்புகிற முதலாளியும் வாய் திறப்பதில்லை. அரசு வேலையில் இது நீதிமன்றங்களே வளர்த்த பழக்கம். 1957இல் பர்ஷோத்தம் லால் திங்க்ரா வழக்கிலும் 1974இல் சம்ஷேர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வரைந்த கோடு இது: தகுதிகாண் காலத்தில் இருப்பவரைக் குற்றம் ஏதும் சுமத்தாமல் விடுவித்தால் பெரிய தகராறு இல்லை, ஒழுங்கீனம் என்று களங்கம் சுமத்தி அனுப்பினால் அது தண்டனை, விசாரணை நடத்தியிருக்க வேண்டும். விளைவு, விடுவிப்பு ஆணைகள் இரண்டே வரியாகச் சுருங்கின. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஊழியர் எழுதுகிற ராஜினாமாவும் 'உங்கள் சேவை இனித் தேவையில்லை' என்கிற ஆணையும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் சில மாதங்களில் என்ன நடந்தது என்பதை இரண்டுமே பதிவு செய்வதில்லை.

அந்த இரண்டு வரி மரபு மேலிடம் வரைக்கும் உண்டு. 2018 டிசம்பர் 10 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் சொந்தக் காரணங்களைச் சொல்லி உடனடியாக விலகினார். மத்திய அரசுக்கும் வங்கிக்கும் இடையிலான உரசல் அதற்கு முன்பே ஊரறிந்த செய்தியாக இருந்ததால், அந்த அறிக்கையை யாரும் எழுத்துக்கு எழுத்து படிக்கவில்லை. பதவியில் இருப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகும். அவர்களுக்காகப் பேசப் பத்திரிகைகள் இருக்கின்றன. பிற்பாடு புத்தகம் எழுதலாம். சோழிங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற 23 வயதுப் பெண் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினால் அதோடு கதை முடிந்தது.

அவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் காகிதம்கூட அல்ல. எச்.ஆர். போர்ட்டலில் 'ரிசைன்' என்ற பொத்தானைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும்: நல்ல வாய்ப்பு, மேல்படிப்பு, திருமணம், இடமாற்றம், உடல்நலம், குடும்பக் காரணம், மற்றவை. ஜாவா டெவலப்பர் என்று எடுத்துவிட்டு நைட் ஷிஃப்டில் சப்போர்ட் டிக்கெட் மூடவிட்டார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார் என்பதற்கும் இடமில்லை. 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்தால் காரணத்தை எழுதச் சொல்லும், மேனேஜர் அழைப்பார், ரிலீவிங் லெட்டர் தாமதமாகுமோ என்ற பயம் வரும். ஆகவே 'நல்ல வாய்ப்பு'. வருட முடிவில் அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்க்கிற நிர்வாகம், நம்மிடமிருந்து ஆட்கள் சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்று முடிவு கட்டுகிறது.

ஐ.டி.யை விட்டு வெளியே வந்தாலும் கதை இதேதான். தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்த உதவிப் பேராசிரியரை மே மாதம் ஊர் ஊராக அட்மிஷன் கேன்வாஸுக்கு அனுப்புகிறார்கள். அவர் விலகும்போது எழுதுவது 'மேல்படிப்பு'. சேரும்போதே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்ட நிர்வாகத்திடம் வேறு என்ன எழுத முடியும்? கல்விச் சான்றிதழ் அடகு பிடிக்கிற பண்டமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பது அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

ராஜினாமா செய்கிற விதங்களை ஆராய்ந்தவர்களில் அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆந்தனி க்ளாட்ஸ், மார்க் பொலினோ இருவரும் முக்கியமானவர்கள். 2021இல் 'கிரேட் ரெசிக்னேஷன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த க்ளாட்ஸ்தான். 2016இல் வெளிவந்த அவர்களது ஆய்வு ஏழு விதங்களைப் பிரித்துக் காட்டியது. நேரில் உட்கார்ந்து காரணத்தோடு சொல்வது, நேரில் சொன்னாலும் காரணத்தை விட்டுவிடுவது, நன்றி சொல்லி விலகுவது, முன்கூட்டியே மேலாளர் காதில் போட்டுவைப்பது, முகம் கொடுக்காமல் நழுவுவது, பாலத்தைக் கொளுத்திவிட்டுப் போவது, திடீரென்று நின்றுவிடுவது. முதல் இரண்டும் சேர்ந்தே பாதிக்கு மேல். இரண்டிலும் கடிதமும் நோட்டீஸும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; வித்தியாசம் காரணம் சொன்னார்களா இல்லையா என்பது மட்டும். நல்லபடி நடத்தப்பட்டதாக நினைக்கிறவர்கள் வாய் திறக்கிறார்கள், அப்படி நடத்தப்படவில்லை என்று நினைக்கிறவர்கள் மூடிக்கொள்கிறார்கள் அல்லது வெடிக்கிறார்கள் என்பது அந்த ஆய்வின் சாரம். நிர்வாகத்துக்கு எந்தப் பேச்சு மிகவும் தேவையோ அதுதான் அதன் காதுக்கு வராமல் போகிறது.

இதன் வேரைத் தொட்டவர் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1970இல் அவர் எழுதிய 'எக்ஸிட், வாய்ஸ் அண்ட் லாயல்டி' நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்த குழப்பத்திலிருந்து பிறந்தது. லாரிகளோடு போட்டி இருந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? போட்டி இருந்ததாலேயே திருந்தவில்லை என்றார் அவர். சண்டை போட்டுச் சரிசெய்யக்கூடிய வாடிக்கையாளர்கள் முதல் ஆளாக லாரிக்குப் போய்விட்டார்கள். குறை சொல்லத் திராணி இல்லாதவர்கள் மிஞ்சினார்கள். புதிதாகச் சேர்ந்து விலகுகிறவரும் அப்படித்தான். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோளாறு வந்த முதல் மாதத்தில் அவர் கண்ணில் படுகிறது. அதைச் சொல்லாமலே அவர் போய்விடுகிறார். செவிலியர் தொழிலில் இது ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் மார்லின் க்ரேமர் 1974இல் 'ரியாலிட்டி ஷாக்' என்ற புத்தகத்தில், கல்லூரியில் கற்ற செவிலியமும் வார்டில் நடக்கிற செவிலியமும் மோதும் இடத்தில் புதியவர்கள் எப்படி உடைந்து விலகுகிறார்கள் என்று காட்டினார்.

நிறுவனங்கள் கேட்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேட்கின்றன. எவரெட் ஸ்பெயின், போரிஸ் க்ராய்ஸ்பர்க் இருவரும் 2016இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைக்காக 35 நாடுகளில் 210 நிறுவனங்களை விசாரித்தார்கள். முக்கால்வாசி நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் எக்ஸிட் இன்டர்வியூ நடத்தின. அதன் பலனாக எடுத்த நடவடிக்கை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது உதாரணம் சொல்ல முடிந்த அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேட்டதை எடுத்து அடுக்கிவைப்பதற்குப் பெயர் விசாரிப்பு அல்ல. போகிறவர்களும் அதை உணர்ந்தே இருக்கிறார்கள்.

கடிதத்தில் காரணம் வேண்டாம் என்பது பொது விதி என்றால், எழுதியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. இதற்குப் பொருத்தமான வழக்கு பிரிட்டனில் நடந்தது. வேன் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, தொலைபேசியில் குரலை வைத்துக் கறுப்பினத்தவரோ ஆசியரோ என்று தோன்றினால் வண்டி இல்லை என்று சொல்லிவிடும்படி பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. சில நாட்களிலேயே விலகினார். விலகும்போது உண்மையான காரணத்தை நிறுவனத்திடம் சொல்லவில்லை. பிறகு வழக்கு வந்தபோது, காரணம் சொல்லாமல் போனவர் அந்தக் காரணத்துக்காகத்தான் போனார் என்று எப்படி நம்புவது என்று நிறுவனம் கேட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது: போகும்போது சொல்லவில்லை என்பதாலேயே அது காரணம் இல்லை என்றாகிவிடாது, பல பேருக்கு அந்த நேரத்தில் சொல்ல வாய் வராது. மனிதரைப் புரிந்துகொண்ட தீர்ப்பு. ஆனால் அந்த நிலைக்கு வர அவர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அன்றே தேதி போட்டு இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆகவே பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லி அவமானம், சம்பளம் வராமை, சட்டவிரோதமான வேலையைச் செய்யச் சொன்னது, 'நீயே ராஜினாமா எழுதிக் கொடு' என்று மிரட்டி வாங்கியது போன்றவை நடந்திருந்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். உணர்ச்சிக் கொந்தளிப்பு வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்பது போதும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலையை விட்டுவிட்டதால் அந்த உரிமை போய்விடுவதில்லை. அப்படிப்பட்ட தொல்லையால் விலகிவிட்டு 'குடும்பக் காரணம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தவருக்குப் பிறகு அதுவே எதிர்த் தரப்பின் ஆவணமாகிறது.

வேலையின்மை உதவித்தொகை கொடுக்கிற நாடுகளில் காரணத்துக்கு நேரடியாகவே பண மதிப்பு உண்டு. ஜெர்மனியில் புரொபேஷன் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் காரணமே சொல்லாமல் விலகலாம். ஆனால் முக்கியமான காரணம் இல்லாமல் தானே வேலையை விட்டவருக்கு உதவித்தொகை பொதுவாக 12 வாரம் நிறுத்தப்படும். முதலாளிக்குச் சொல்ல வேண்டாத காரணத்தை அங்கே அரசு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்க மாநிலங்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான்.

ஜப்பானில் காரணமே தேவையில்லை. அங்கே பலருக்கு 'போகிறேன்' என்று சொல்லவே வாய் வருவதில்லை. அதன் சிவில் சட்டத்தின் 627ஆவது பிரிவுப்படி, காலவரையற்ற வேலையில் இருப்பவர் இரண்டு வாரத்துக்கு முன் தெரிவித்தால் போதும். கடிதத்தில் எழுதுவதும் நம்மூர் 'சொந்தக் காரணங்கள்' போன்ற ஒரு நிலைத்த தொடர்தான். இருந்தும் மேலாளர் எதிரில் நின்று சொல்ல முடியாதவர்கள் ஏராளம் என்பதால், அவர்களுக்காகக் கம்பெனிக்கு போன் செய்து ராஜினாமாவைத் தெரிவிக்கும் தொழிலே உருவாகிவிட்டது. 2017இல் தொடங்கிய 'எக்ஸிட்' நிறுவனம் அதற்கு முன்னோடி. 2022இல் வந்த 'மோமுரி' நிரந்தர ஊழியருக்கு 22,000 யென் வாங்கியது. ஏப்ரல் முதல் தேதி நாடு முழுக்கப் புதியவர்கள் வேலையில் சேர்வார்கள். அந்த மாதமே இந்த நிறுவனங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு என்பது திரும்பத் திரும்ப வருகிற புகார். 2021 மார்ச்சில் பட்டம் பெற்று வேலைக்குப் போனவர்களில் 34.9 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் விலகியதாக அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் கணக்கிட்டது. இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்று அங்கேயும் பெரியவர்கள் சொல்கிறார்கள். 'முடியாது, போகிறேன்' என்பதை நேரில் கேட்டுக்கொள்ளும் மேலாளர் கிடைத்திருந்தால் அந்த 22,000 யென்னை யாரும் செலவு செய்திருக்க மாட்டார்கள்.

வளைகுடாவில் கதை வேறு. நம் ஊர்களிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம் என்பதால் இது தமிழ்க் குடும்பங்களைத் தொடுகிற விஷயம். வேலை மாறக் கஃபீலின், அதாவது விசா ஸ்பான்சரான முதலாளியின், என்.ஓ.சி. தேவைப்பட்ட காலத்தில் காரணம் என்பது கெஞ்சிக் கேட்கும் மனுவாகவே இருந்தது. கத்தார் 2020இல் அந்த நிபந்தனையை நீக்கியது. ஐக்கிய அரபு எமிரேட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அது, புரொபேஷனில் இருப்பவர் அந்நாட்டிலேயே வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ஒரு மாத நோட்டீஸும் நாட்டை விட்டே போவதென்றால் 14 நாள் நோட்டீஸும் கேட்கிறது. முதல் வகையில், ஆளெடுத்த செலவைப் புது முதலாளி பழையவருக்குக் கொடுக்க வேண்டும். சவுதி அரேபியா 2021 மார்ச்சில் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு ஓட்டுநர்கள், ஆடு மேய்ப்பவர்கள் ஆகியோரை அதற்கு வெளியே விட்டுவிட்டது. அவர்களில் ஒருவர் இரண்டாம் மாதமே 'இந்த வேலைக்கு நான் வரவில்லை' என்று கிளம்பினால், முதலாளி 'ஹுரூப்' என்று, அதாவது ஓடிப்போனார் என்று, புகார் கொடுத்துவிட முடியும். அப்புறம் அவர் சொல்லும் காரணத்தை யாரும் கேட்பதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'கேம்ப் கூலி' என்றும் வழங்கிய முறையில், தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்பது பேச்சு. நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனது. இடையில் நின்றுவிட்டால் அந்தத் தொகை போய்விடும். பஞ்சுத் தூசியால் மூச்சு முட்டியது, டபுள் ஷிஃப்ட் பார்க்க முடியவில்லை, சூப்பர்வைசர் சரியில்லை என்று எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். உண்மையில் அந்தத் தொகை அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்து வைத்தது. காரணம் கேட்கப்படுவதே ஒரு சலுகை என்பதை ஐ.டி. போர்ட்டலில் சலித்துக்கொள்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

அடுத்த வேலைக்குப் போகும்போது என்ன சொல்வது? இரண்டு மாத வேலையை ரெஸ்யூமேயிலிருந்து தூக்கிவிடு என்பது நண்பர்கள் கொடுக்கும் ஆலோசனை. பி.எஃப். பிடித்திருந்தால் அது பலிக்காது. யு.ஏ.என். எண்ணின் கீழ் சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்தக் கம்பெனியின் பெயரும் சேர்ந்த தேதியும் உட்கார்ந்திருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் முதலில் பார்ப்பதே அதைத்தான். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பது போலத் தெரியும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்ற வசதி 2020 முதல் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, இன்டர்வியூவில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்வதுதான் பாதுகாப்பு. 'டெவலப்மென்ட் என்று எடுத்தார்கள், சப்போர்ட் கொடுத்தார்கள், எட்டு வாரம் பேசிப் பார்த்தேன், மாற்ற முடியாது என்றார்கள், விலகினேன்' என்பதில் யாரையும் திட்டவில்லை, பொய்யும் இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதும் அதிலேயே தெரிகிறது.

பழைய மேலாளரிடம் நேரில் சொல்வது இதைவிடக் கடினம். கடிதம் கொடுப்பதற்கு முன்பே பத்து நிமிஷம் தனியாகக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு காரணத்தை, உண்மையானதை, உதாரணத்தோடு சொல்லிவிடுவது நல்லது. ஒன்பது குறைகளைப் பட்டியலிட்டால் அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார். சம்பளத்துக்காகப் போகாதவர் சம்பளம் என்று சொல்லவே கூடாது. அவர்கள் உயர்த்திக் கொடுத்துவிட்டால் இருந்து தொலைய வேண்டியதுதான். சீனாவின் ஜெங்ஜோ நகரில் 2015இல் ஒரு பள்ளி ஆசிரியை, உலகம் பெரியது, போய்ப் பார்க்க ஆசை என்ற பொருளில் பத்தே எழுத்தில் ராஜினாமா எழுதினார். நாடே அதைப் பகிர்ந்து மகிழ்ந்தது. அவருக்கு அது மெய்யான காரணம், அதனால் அழகாக அமைந்தது. மேலாளரின் கத்தல் தாங்காமல் போகிறவர் அதைக் காப்பியடித்தால், அந்தக் கத்தல் அடுத்து வருகிறவருக்குக் காத்திருக்கும்.

பணத்தைப் பிடித்துவைப்பார்களோ என்ற பயமே பலர் வாயை அடைக்கிறது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், முதலாளி அனுப்பிய ஆளுக்குத்தான் இரண்டாவது வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொன்னது. தானே விலகியவரை அந்த விதி கண்டுகொள்ளவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தீர்க்கச் சொல்கிறது. 45 நாளில் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் என்று சொல்லிப் பழகிய நிறுவனங்கள் இதற்குத் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கையில் பணம் வந்துவிட்ட பிறகு எடுக்கிற எக்ஸிட் இன்டர்வியூவில்தான் உண்மை கொஞ்சமாவது வெளிவரும்.

அதைவிட மேல், போகும் நாள் வரை காத்திராமல் சேர்ந்த முப்பதாம் நாளே கேட்பது. ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்தே சொல்லிவந்தது இதற்கும் முந்தைய படி: வேலையின் கெட்ட பக்கத்தையும் சேரும் முன்பே காட்டிவிடுங்கள், அதைப் பார்த்தும் வருகிறவர் நிற்பார். நைட் ஷிஃப்ட் உண்டு, அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும், முதல் ஆறு மாதம் டெவலப்மென்ட் கிடைக்காது என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதிவிடுகிற நிறுவனத்துக்கு அன்று சில பேர் குறைவாகச் சேர்வார்கள். முப்பதாம் நாள், சம்பள உயர்வையோ ரேட்டிங்கையோ கையில் வைத்திராத ஒருவர் உட்கார்ந்து, சொன்ன வேலைக்கும் கொடுத்த வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டு, கேட்டதை மேலாளரின் பெயரோடு அல்லாமல் வேலையின் பெயரோடு எழுதிவைத்தால் போதும். ஒரே டீமிலிருந்து ஆறு மாதத்தில் நான்கு புதியவர்கள் 'நல்ல வாய்ப்பு' என்று எழுதிவிட்டுப் போனால், அந்த நால்வரின் முப்பதாம் நாள் குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டியது எச்.ஆரின் வேலை.